என் நாற்காலியில் உட்காராதவர்கள்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு சவரக் கத்தி பிடிக்கப் போனவன், பொறுத்துப் படியுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் முடிதிருத்துவோர் கூட்டம் ஒன்று நடந்தது. இனி யார் வீட்டுக் கொல்லைக்கும் போய்ச் சிரைப்பதில்லை, களத்து நெல்லைக் கூலியாக வாங்கி வேலை செய்வதில்லை, சாவு வேலைக்குப் போவதில்லை, வேண்டியவர்கள் கடைக்கு வரட்டும் என்று முடிவானது. நானும் கை தூக்கினேன். மேலூர்ப் பக்கம் என் ஊரில் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு, கண்ணாடி மாட்டி, ஒரு மர நாற்காலி வாங்கிப் போட்டேன். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, நாற்காலி போட்டுத் தாசில்தார் கச்சேரி வைக்கப் போறானாம் என்று சிரித்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. தாடியோடு திரிந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஊரில் நிலபுலன் நிறைய உள்ள பெரிய சம்சாரி செத்துப்போனார். மகன்களுக்கு மொட்டை போடாமல் கொள்ளி வைக்க முடியாது. மூத்த மகன் கடை வாசலில் வந்து நின்றான். என்னைவிட இளையவன்.

"எங்கப்பா வீட்டுல கிடக்காரு. கத்திப் பெட்டிய எடுத்துட்டு வாடா."

போனால் அன்றோடு கடை முடிந்தது. போகாவிட்டால் ஊர் சும்மா விடாது. துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். பின்னாலிருந்து என் மனைவிதான் பேசினாள்.

"உள்ள வந்து உக்காருங்க. அண்ணன் தம்பி எல்லாருக்கும் போட்டு விடுவாரு. அம்புட்டுத்தான?"

அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"உன் நாற்காலில நான் உக்காரணுமாக்கும்" என்று வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

சுடுகாட்டில் பிளேடு வைத்து ஒருவர் தலையை ஒருவர் சிரைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது என் கடை வழியாகத்தான் வந்தார்கள். மண்டையெல்லாம் கீறல், காதோரம் ரத்தம். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மறுநாளிலிருந்து பலசரக்குக் கடையில் எங்களுக்கு அரிசி கிடையாது என்றார்கள். கிணற்றடியிலிருந்து என் மனைவியை விரட்டினார்கள். மதுரையில் மைக் பிடித்து முழங்கியவர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கொட்டகையைப் பிரித்துக்கொண்டு பசுமலைக்குக் குடி வந்தோம்.

கிளம்புவதற்கு முன் மேலூரில் என் சொந்தக்காரர் கடைக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அந்த மூத்த மகன் அங்கே நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தான். வாசலோடு திரும்பிவிட்டேன். அவனுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாமல் இல்லை. தங்கள் களத்து நெல்லைத் தின்றவன் அதைப் போட்டதுதான் பொறுக்கவில்லை. அந்த ஊர் மண்ணை அதற்குப் பிறகு நான் மிதித்ததில்லை, மிதிக்கவும் மாட்டேன்.

1988 ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை.