பத்தாவது படிவம்

எங்கள் தொழிலில் வாய்க்கு வேலை குறைவு, காதுக்குத்தான் சம்பளம். ரொறன்ரோவில் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் பொதுவேலை பழக்கி, மாநகரசபை உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு அனுப்பும் பெலோஷிப் ஒன்றின் இணைப்பாளன் நான். யாழ்ப்பாணத்தான் அங்கே எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். வேலை கிடைத்தது, போனேன். பகல் முழுக்க இருபது பேரோடு பேசிவிட்டு ஆளில்லாத வீட்டைத் திறக்கும் சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

கேட்கத் தெரிந்த அம்மா

ஒவ்வொரு பிள்ளையும் அறிமுகமில்லாத பத்துப் பேரோடு அரைமணி நேரம் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'அடுத்து என்ன?' என்றிருக்கும். அங்கே எழுதியது நடக்காவிட்டால் படிவம் செல்லாது. பத்துப் படிவம் சேராவிட்டால் மாநகரசபை வேலையும் இல்லை. சட்டம் போட்டவன் நானேதான்.

மத்தேயோ தன் முதல் படிவத்தை வெறுமையாகக் கொண்டுவந்தான். நூலகத்தில் ஒரு அம்மாவைப் பிடித்து, அரைமணி நேரமும் தானே பேசித் தள்ளியிருக்கிறான். அவருடைய பெயர்கூடத் தெரியாது. நான் முறைத்தேன். அவன் அசரவில்லை: "அவ என்ன வடிவாக் கேட்டா தெரியுமோ? பேசாமல் அவவை பெலோஷிப்பில சேருங்கோ."

வெக்ஸ்போர்ட் கதவு

இன்னொரு பிள்ளை டானியேலா. அவளுக்கு வெக்ஸ்போர்ட் பகுதியில் வீடு வீடாகக் கதவு தட்டப் பயம். முதல் நாள் துணைக்குப் போனேன். மூன்றாவது கதவைத் திறந்தவர் நம்மவர், எண்பது வயதிருக்கும். நான் தமிழில் வணக்கம் சொல்லி, மாநகரசபை விசயம் என்று தொடங்கினேன். அவர் காதில் அது ஏறவேயில்லை. கதவை அகலத் திறந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். மில்லிக்கனில் என் வீட்டு மணி அடித்தும் எத்தனையோ மாதம்.

"யேசுவின்ர ஆக்களோ, சுடுதண்ணித் தாங்கி விக்கிற ஆக்களோ? எதெண்டாலும் உள்ளுக்க வாங்கோ தம்பி, ஆள் வந்து கனநாள்."

படம்

பயிற்சி முடிகிற விழாவுக்குக் குடும்பங்கள் திரண்டு வரும். சோள மாவில் செய்த பலகாரம், கட்டிப்பிடிப்பு, கண்ணீர். பிறகு படம். அலுவலகச் சுவரில் பன்னிரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்றிலும் நான் இல்லை. எடுத்தவன் நான். போன வருடம் துணிந்து கமெராவை ஒரு தாயிடம் நீட்டினேன். மகனுக்குப் பக்கத்தில் நின்ற அந்தத் தாய் சிரித்தபடி மாட்டேன் என்று தலையாட்டினார்: "நீங்களே எடுங்கோ, உங்களுக்குத்தான் பழக்கம்."

பத்தாவது

வெள்ளிக்கிழமை, படிவங்களுக்குக் கடைசி நாள். டானியேலாவிடம் ஒன்பதுதான். பத்தாவது ஆள் வரவில்லை. என்னையே பத்தாவது ஆளாக்கி, என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அறிமுகமில்லாத ஆள்தான் வேண்டும் என்றேன். எட்டு மாதம் பழகியும் என்னைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, அது போதாதா என்றாள்.

முதல் கேள்வி நானே எழுதியது: 'போன வாரம் யாரோடு இருந்து சாப்பிட்டீர்கள்?' தங்கைமாரைக் கரைசேர்த்த கதையைச் சொன்னேன். மழையைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவைத் தூக்கவேயில்லை. நான் பழக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. கடைசியில் "ஒருத்தரோடும் இல்லை" என்றேன். அவள் அதை எழுதினாள். வெளியே போய் யாரோடோ ஸ்பானிஷில் பேசிவிட்டு வந்து, கடைசிக் கட்டத்தில் 'ஞாயிறு இரண்டு மணி, எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு' என்று எழுதி நீட்டினாள்.

"அம்மாட்டச் சொல்லியாச்சு. நீங்கள் வராட்டில் என்ர படிவம் செல்லாது, உங்கட சட்டம்தானே."

பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கதவு தட்டப் பழக்கியவன், ஞாயிற்றுக்கிழமை ஒன்றே முக்காலுக்கே போய், தட்டுவதா திரும்பிப் போவதா என்று டானியேலா வீட்டுக் கதவின் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றேன்.