பஞ்சறைக்கு வெளியே இரண்டு தொட்டில்கள்

எங்கள் மாதர் சங்கத்தின் தலையணை ஷெட்டுக்கு மேற்பார்வை பார்க்கப் புதிதாக வரும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் தலைவியம்மா. எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றுமில்லை. என் மகளே இப்போதுதான் ஓடப் பழகுகிறாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற குழப்பத்தில் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

1. முதல் நாள்

போடியில் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கிதான் எங்கள் ஷெட். புருஷனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மலைத்தோட்டத்துக்குப் போன கணவரிடமிருந்து சேதி வராதவர்கள், இப்படிப்பட்ட பெண்கள் இலவம் பஞ்சில் தலையணை செய்து தங்கள் கூலியைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பது சங்கத்தின் எண்ணம். ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்த என்னை மேற்பார்வைக்கு அழைத்தார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. அவளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

பஞ்சறைக் கதவைத் திறந்தவுடன் எனக்கு நின்ற இடம் மறந்துவிட்டது. காற்று புகாமல் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரே ஒரு வெயில் கம்பம் இறங்கியது. அதற்குள் பஞ்சு மேலும் கீழுமாக, அவசரமே இல்லாமல் மிதந்தது. பெண்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு, கொட்டை உதிரப் பஞ்சைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கும் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. எல்லோருடைய இமையும் வெளுத்திருந்தது. இன்றும் சில நாள் விடியற்காலையில் அந்த அறை கனவில் வருகிறது. கனவில் எனக்கு ஒரு கவலையும் இருப்பதில்லை.

"கதவச் சாத்துங்க டீச்சரம்மா, பாதித் தலகாணி தெருவுக்குப் போயிருச்சு" என்றாள் குருவம்மா. ஷெட்டில் மூத்தவள் அவள்தான்.

2. பேச்சியின் பிள்ளை

பேச்சி கடமலைக்குண்டுப் பக்கத்துப் பெண். கணவன் மலைக்குப் போனவன் திரும்பவில்லை. கொழுந்தன் வீட்டில் மாட்டுக்கொட்டத்தில் படுத்து, மிச்சம் கிடைத்ததைத் தின்று இருந்தவள் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தாள். அந்தத் தவழும் பிள்ளையை விட்டுவர அவளுக்கு வேறு இடமில்லை. பஞ்சறை மூலையில் சாக்கு விரித்துப் போட்டிருப்பாள். என் மகளோ பக்கத்து ஆபீஸ் அறையில் தொட்டிலில் தூங்குவாள்.

ஒரு நாள் பேச்சியின் பிள்ளை பஞ்சை அள்ளி வாயில் திணித்துக்கொண்டது. அழுகை கூட வரவில்லை. முகம் கறுத்தபோதுதான் பார்த்தோம். குருவம்மா விரலை விட்டுப் பஞ்சை எடுத்து, பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தட்டினாள். அது வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விஷயம் தலைவியம்மா காதுக்குப் போனது. அவர் ஏலக்காய் வியாபாரியின் மனைவி. இளகிய மனசு, கறாரான பேச்சு.

"நாளையிலருந்து ஷெட்டுக்குள்ள ஒரு பிள்ளையும் வரக்கூடாது. நீங்களே சொல்லிருங்க."

சரியான உத்தரவு என்றுதான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. பேச்சியிடம் சொன்னேன். அவள் சாக்கை உதறி மடித்தாள்.

"பிள்ளைய எங்கன விடுவ?" என்று கேட்டேன்.

"எங்கன விட? கொழுந்தன் வீட்டுக்கே போறேன். மாட்டோட மாடா கெடந்துக்கிறோம்."

குருவம்மா வாய்த்துணியை அவிழ்த்தாள். "ஏண்டி பேச்சி, டீச்சரம்மா பிள்ளையப் பாத்தியா, பஞ்சே ஒட்டாது. ஆபீஸ் பிள்ளை."

நான் ஆபீஸ் அறைக்குப் போய்த் தொட்டில் துணியை விலக்கிப் பார்த்தேன். மகளின் புருவத்தில் ஒரு பஞ்சிழை இருந்தது, மூச்சுக்கு அசைந்தபடி.

"ஒரு நாள் மட்டும் பொறு. நாளைக்கு வந்து பாரு" என்று பேச்சியிடம் சொன்னேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

3. வேம்படி

மறுநாள் காலை தலைவியம்மா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றே தோன்றியது. வேலை போனால் என்ன சொல்வது? பேச்சிக்காகப் பேசுகிறேனா, என் பிள்ளைக்காகவா?

"பிள்ளைகள் வரக்கூடாதுன்னா என் பிள்ளையும் வரக்கூடாதும்மா" என்றேன்.

"உங்க பிள்ளை ஆபீஸ் ரூம்லதான இருக்கு?"

"கதவிடுக்குல அதே பஞ்சுதாம்மா வருது."

"பெறகு யாரு மேற்பார்வை பாக்குறது?"

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தலையணை உறைகளைக் கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வந்தோம். பிள்ளைக்காரிகள் வெளியே வேம்படியில் உறை தைக்கட்டும், தையல் எனக்குத் தெரியும், நானும் அவர்களோடு உட்காருகிறேன் என்றேன்.

"ஆஸ்பத்திரி ஆர்டர் போகணும். உறையில பஞ்சு கசிஞ்சா நம்ம பேரு போயிரும்" என்று யோசித்தார். "இந்த ஆர்டருக்கு மட்டும் பாக்குறேன். சரியா வரலைன்னா பிள்ளைக்காரிக அத்தனை பேரும் வீட்டுக்கு. நீங்களுந்தான்."

மேல்காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கும். அதனால் ஷெட்டுக்கு மேற்கே இருந்த வேம்பைத் தேர்ந்தோம். பஞ்சு எங்களை விட்டு விலகிப் போகும். பேச்சியின் பிள்ளைக்கும் என் மகளுக்குமாகக் கிளையில் இரண்டு தொட்டில்கள் கட்டினோம். பேச்சி ஊசியையே பிடித்தறியாதவள். முதலில் தைத்த உறை ஓடைபோல் வளைந்து போனது.

"பாம்பு படுக்கிறதுக்குத் தைக்கிறியாக்கும்" என்றாள் தண்ணீர் குடிக்க வந்த குருவம்மா.

பேச்சி சிரிக்கவில்லை. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். கால் விரலில் கயிற்றைச் சுற்றித் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, பஞ்சு கசியாத பின்தையல் போடப் பழகினாள். வேப்பம்பூ அவள் மடியில் உதிரும். தட்டிவிடக்கூட நேரமிருக்காது. தொட்டிலின் ஆட்டத்தோடு ஊசியும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே நான் சில வேளை என் தையலை மறந்துவிடுவேன்.

ஆர்டர் போகும் நாளில் தலைவியம்மா வந்தார். கறுப்புச் சேலை கட்டியிருந்தார். வேண்டுமென்றே கட்டி வந்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. பேச்சி தைத்த தலையணை ஒன்றை எடுத்து மடியில் வைத்து ஓங்கிக் குத்தினார். திருப்பிப் போட்டுக் குத்தினார். நாங்கள் எல்லோரும் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

சேலையில் ஒரு இழை கூட ஒட்டவில்லை.

"மழை வந்தா என்ன செய்வீக?" என்று தலைவியம்மா கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. குருவம்மாவுக்குப் புரிந்தது. "ஒரு கீத்து போட்டுக்கிருவோம் தாயி."

"போடுங்க" என்று எழுந்துபோனார்.

இப்போது அந்தக் கீற்றுக்கொட்டகையில் உறை தைக்கும் பெண்களுக்குப் பேச்சிதான் பழக்கிக்கொடுக்கிறாள். என் மனம் அன்று யாருக்காகப் பேசியது என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் கற்றது ஒன்றைச் சொல்லலாம். உத்தரவு வந்தால் அதை மற்றவர்களுக்குச் சொல்லுமுன் உங்கள் பிள்ளையின் தொட்டில் துணியை ஒரு தடவை விலக்கிப் பாருங்கள்.