ஓடிபி சொல்ல மாட்டோம்

கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கை அக்கா போனை நீட்டினார். எங்கள் உற்பத்தி லைனில் பேக்கிங் பார்ப்பவர்.

"போனஸ் வந்துகீது பாரு. எனக்குத்தான் மொதல்ல."

வாட்ஸ்அப்பில் எங்கள் காண்ட்ராக்டரின் படம். நெற்றியில் சந்தனம், அதே சிரிப்பு. கீழே ஒரு கியூஆர் கோடு. அதைத் திறந்து யூபிஐ பின் நம்பர் போட்டால் போனஸ் கணக்கில் ஏறுமாம். அக்கா பாதி நம்பரைப் போட்டேவிட்டார். நான் உள்ளங்கையால் திரையை மூடினேன்.

"கைய எடு. கெடுக்கறதுக்குன்னே வருவியா நீ?"

"வர்ற பணத்துக்கு பின் நம்பர் எதுக்குக்கா? அனுப்பறதுக்குத்தான் அது."

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. மெஷினை ஓட்டுமுன் வரிசையாகச் சரிபார்ப்பது என் வேலை. இதையும் அப்படித்தான் பார்த்தேன். படம் அவருடையது, நம்பர் புதியது. உடனே போடு என்று அவசரம். பணம் போகும் இடத்தில் யாரோ ஒருவரின் பெயர். கடைசியாகக் காண்ட்ராக்டரின் பழைய நம்பருக்கே அடித்தேன்.

"நான் எதுவும் அனுப்பலையேம்மா," என்றார்.

அக்காவின் கணக்கில் இருந்தது மகளின் நர்சிங் படிப்புக்கான பணம். திங்கட்கிழமை கட்டியாக வேண்டும். போட்ட பாதி நம்பரை அவர் ஒவ்வொன்றாக அழித்தார்.

கேன்டீனில் அவரை ஏமாளி என்றவர்களை நான் விடவில்லை; நாமும் அப்படித்தானே என்றேன். பி.எஃப். வேலை என்று காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து போன் வரும். ஓடிபி கேட்பார்கள். நாங்கள் எல்லோரும் லைனில் நின்றபடியே உரக்கப் படிப்போம். எதற்கு என்று கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். அந்தப் பழக்கத்தைத்தான் திருடன் பயன்படுத்திக்கொண்டான்.

மறுநாள் காண்ட்ராக்டரே லேப்டாப்போடு வந்தார். "பி.எஃப். அப்டேட்மா. ஓடிபி சொல்லு."

"எதுல போடணும்னு காட்டுங்க சார், நானே போடறேன்."

"டிப்ளமா படிச்சா பேஜாரு பண்ணணும்னு இருக்கா?" சிரித்தபடி அக்காவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அக்கா போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னாத்துக்குன்னு மொதல்ல சொல்லு சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். என் பொண்ணு ஃபீஸும் வேணும்."

பின்னால் நின்றவர்களின் போன்களும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. காண்ட்ராக்டர் எங்களைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பேக்கிங் மேஜையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

அக்காதான் முதலில் போனார். திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். அவர் முடிக்கும்வரை லைன் காத்திருந்தது.