ரெண்டு சீட்டுக்கு நாலு டயர்

என் வீட்டுக்காரர் ஜெரால்டு இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் மொத்தம் பதினோரு கார்களாம். அதில் மூன்று, படுத்துக்கொண்டே ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார்கள். ஆவூர்ப் பக்கம் பிறந்து சைக்கிளுக்கே வழியில்லாமல் வளர்ந்தவருக்கு அங்கேதான் புத்தி கெட்டது. நான் அந்த இருபத்திரண்டு வருஷமும் கீரமங்கலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் தொங்கி, மகள் ஃபெமினாவை ஒற்றை ஆளாக வளர்த்தேன். முதுகில் தட்டு விலகியது அதற்குக் கிடைத்த போனஸ்.

போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். குவைத்திலிருந்து வருகிறவன் மாடி கட்டுவான், தென்னந்தோப்பு வாங்குவான். இந்த மனுஷன் கோயம்புத்தூர் போய், பன்னிரண்டு வருஷப் பழசான மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். அதில் இரண்டே சீட்டு.

"நமக்கு மக ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா? அவளை எங்கிட்டு வைப்பீங்க, டிக்கியிலயா?" என்று கேட்டேன்.

"அவதான் பெங்களூர்ல வேலையில இருக்காளே ஷர்லி."

நான் பொறுமைசாலிதான். கோபம் வந்தால் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு நாலு தெருவுக்குக் கேட்டது.

குவைத்தில் ஸ்டியரிங் இடது பக்கம். அந்தப் பழக்கத்தில் இவர் இங்கேயும் ஸ்டைலாக நடந்துபோய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, கையை நீட்டினால் முன்னால் ஒன்றும் இருக்காது. அசட்டுச் சிரிப்போடு இறங்கிச் சுற்றி வருவார். எதிர்வீட்டில் இருக்கும் அழகி என்பவள் இதைப் பார்ப்பதற்கென்றே காலையில் வாசலுக்கு வந்து நிற்பாள். இப்படியாக அந்த இடது சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன காரணம் டயர். நாலும் அவர் தலையைப் போலவே மொட்டையாக இருந்தன.

இதற்கிடையில் என்னோடு வேலை பார்க்கும் அருணா டீச்சரின் தம்பி, காரை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். நான் தீர்ப்புச் சொன்னேன்.

"புது டயர் போடுங்க. ஒரே ஒரு தடவ ஏறுறேன், கட்டுமாவடி வரைக்கும். எனக்குப் பிடிக்கலைன்னா திங்கக்கெழம காரு அருணா தம்பி வீட்ல நிக்கணும். சம்மதமா?"

முகம் செத்துப்போய்விட்டது. ஆனாலும், "சம்மதம்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் டயர் பேச்சுதான். சாப்பிடும்போது டயர், ஜெபம் சொல்லி முடித்த கையோடு டயர். திருச்சியில் இரண்டு கடைக்குப் போய்க் கேட்டார். நாலு டயரும் ஒரே அளவில் இருந்தால்தானே கார் என்று இரண்டு இடத்திலும் சிரித்தார்களாம். இந்தக் காருக்கு முன் டயரைவிடப் பின் டயர் அகலம். கடைசியில் போன் வழியாக யாரிடமோ நாலு டயர் வாங்கினார். புத்தம் புதுசாம், காகிதம்கூடக் கிழிக்கவில்லையாம்.

மாட்டுவதற்கு எங்கள் ஊரிலேயே இருக்கிற தங்கமுத்துவின் கடைக்குப் போனார். தங்கமுத்து டிராக்டர் டயர்க்காரர். நானும் போனேன், பஸ்ஸில். கார் வந்து சேர்ந்த ஐந்து நிமிஷத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

தங்கமுத்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "முன்னாடி ஒல்லி, பின்னாடி அகலம். சரியாத்தான செஞ்சிருக்கான். டிராக்டர் கணக்கு" என்றார். ஜெரால்டு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறை.

அடுத்து அந்தப் புது டயரைத் திருப்பி, ஓரத்தில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். "எத்தனாவது வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு இதுல இருக்கும்ணே. இது ஒங்க மக பத்தாவது படிக்கிறப்ப பொறந்தது. ரப்பர் வெறச்சுப்போச்சு. மாட்டுக்கொட்டாயில தண்ணி ஊத்தி வையிங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெரால்டு என்னை முறைத்தார்.

தங்கமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய டயரைக் கையால் தடவிப் பார்க்காமல் புது டயர் சொல்ல மாட்டார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். நாலையும் கழற்றச் சொல்லிச் சாக்கில் வரிசையாக வைத்துத் தடவினார்.

"அண்ணே, கருவேல முள்ளு ரோட்ல போயிருக்கீங்க. ஸ்பீடு பிரேக்கர்ல சாய்ச்சு சாய்ச்சு ஏத்துறீங்க. நூறுக்கு மேல போனதே இல்ல." இடது பக்கத்து டயர்களுக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி தடவினார். "வலது பக்கம்தான் நல்லா தேஞ்சிருக்கு. இந்தப் பக்கம் ஆளே ஒக்காந்ததில்ல போலருக்கே?"

ஜெரால்டு காற்றுப் பிடிக்கும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"சரி, என்ன டயரு போடலாம்?" என்று தங்கமுத்துவே கேட்டார்.

ஜெரால்டு போனில் ஒரு படத்தைக் காட்டினார். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஓரம் இரண்டு விரற்கடை உயரம்கூட இருக்காது. குவைத்தில் முதலாளி மகன் காரில் இருந்ததாம். இருநூற்று எழுபதில் போனாலும் தாங்குமாம்.

"நம்ம ரோட்ல நீங்க எங்கிட்டுண்ணே எறநூத்தி எழுவதுல போகப்போறீங்க? இது பாக்கத்தான் ஜோரு. ரோட்ல கெடக்குற ஒவ்வொரு கல்லும் நேரா இடுப்புல வந்து உக்காரும். ஓரம் கொஞ்சம் ஒசரமா எடுத்தா மெத்துன்னு போகும். அழகு ரெண்டு மார்க் கொறையும், அம்புட்டுதான்." என் பக்கம் திரும்பினார். "டீச்சர் ஏறுவீங்கள்ல?"

"எனக்கு முதுகுல தட்டு வெலகியிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஜெரால்டு போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியும், பதினைந்து வருஷமாக அந்த டயரைக் கழுவித் துடைத்தவர் அவர். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒசரமானதே போடுங்க தங்கமுத்து" என்றார்.

வியாழக்கிழமை டயர்கள் சென்னையிலிருந்து பார்சலில் வந்தன. அம்புக்குறி பார்த்து, சுற்றுகிற திசை மாறாமல் மாட்டி, தங்கமுத்து தன் வழக்கப்படி நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டேஷ்போர்டில் பெரியநாயகி மாதா படம், கீழே எலுமிச்சை, ஆக எல்லாப் பக்கமும் பாதுகாப்பு. பின் டயரின் அகலத்துக்குப் பழம் பீய்ச்சி அடித்ததில் என் கோட்டா சேலை போச்சு.

சனிக்கிழமை காலை ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு, இறங்கினேன். கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருந்தது. அழகி கைதட்டினாள். ஜெரால்டு சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அறந்தாங்கி தாண்டும்வரை முப்பதில் போனார். மீன்கூடை கட்டிய டி.வி.எஸ். ஃபிப்டி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"முதுகு வலிக்குதா?"

"இல்லங்க."

"இப்ப?"

"இல்லைன்னு சொல்றேன்ல. கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன், தயிர்ப்பானையா கொண்டுபோறீங்க?"

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், "மாதாவே!" என்று கத்திவிட்டேன். அப்புறம் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. அவர் ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்ததற்கு ஒரு திட்டும் விழுந்தது.

கட்டுமாவடி மீன் மார்க்கெட் ஓரம் நிறுத்தினார். நான் சேலையைச் சரிசெய்வதற்குள் அவர் இறங்கி ஓட்டமாகச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையைப் பின்னால் கட்டி, தலையைத் தாழ்த்தி நின்றார். மீன்காரிகள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. நிமிரவே இல்லை. தான் என்ன செய்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. குவைத்தில் எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் தடவை, யார் யாருக்கோ இப்படி நின்றிருப்பார் இந்த மனுஷன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"யோவ்!" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குக் கை இருக்கு, நான் தொறந்துக்குவேன். இன்னொரு தடவ யாருக்காச்சும் இப்பிடிக் கதவைத் தொறந்துவிட்டு நின்னீங்க, அன்னைக்கே இந்தக் காரை அருணா தம்பிகிட்ட வித்துப்புடுவேன்!"