குடிக்காத குடிகாரர்

"நாட்பட்ட மதுப்பழக்கம் உள்ளவர். தினமும் அதிக அளவில் குடிப்பவர். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டவர்."

மறுவாழ்வு மையத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் கட்டிலில் தொங்கிய அட்டை இப்படிச் சொன்னது. தானே பஸ் பிடித்து வந்து சேர்ந்தவர் அவர். மதுவும் அவருக்கு வாய் கொப்பளிக்கத்தான் பயன்பட்டது.

அவரைப் பிடித்திருந்தது தூக்க மாத்திரை. ஒருமுறை லிஃப்ட் குழிக்குள் கயிறு நழுவி அந்தரத்தில் தொங்கியதிலிருந்து தூக்கம் போயிற்று. ஒன்றில் தொடங்கியது, உள்ளங்கை நிறைய வந்து நின்றது. பகலில் தள்ளாடினால் ஒரு காரணம் வேண்டுமே என்று, காலையில் ஒரு மடக்கு பிராந்தியைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போவார். கம்பெனியில் குடிகாரனுக்கு அனுதாபம் உண்டு: சிகிச்சைக்கு லீவு, திரும்பி வந்தால் வேலை. மாத்திரைக்காரனுக்கு வாசல்தான். குடிகாரன் என்றைக்காவது தெளிவான், மற்றவன் தெளியமாட்டான் என்பது சூப்பர்வைசர் கண்ட மருத்துவம்.

ஆகவே திட்டம் எளிது. ஊருக்காகக் குடியை விடுவது, அந்த மறைவில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. மாத்திரைகளைப் பழைய பவுடர் டப்பாவின் அடியில் ஒளித்துவைத்திருந்தார். மையத்துக்கு வந்து பையைத் திறந்தபோது அதில் பளபளவென்று புது டப்பா! மனைவிக்குப் போன் போட்டார்.

"பழைய பவுடர் டப்பா எங்க?"

"அது துருப்பிடிச்சுக் கெடந்துச்சுங்க. நாலு பேரு பார்க்கிற எடம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சேன்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றார். வேறு என்ன சொல்வது?

முதல் நாள், குடியை நிறுத்துபவர்களுக்கென்று மையத்தில் கொடுத்த மருந்து மாத்திரை இல்லாத குறையையும் தாங்கிப் பிடித்தது. மறுநாள் டாக்டர் நாடி பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "உங்க உடம்பு பிரமாதமா ஒத்துழைக்குது சார். இவ்வளவு குடிச்சவங்களுக்கு இப்படி இருந்து நான் பார்த்ததில்ல. மருந்தை இன்னைக்கே நிறுத்திடலாம்."

நல்ல நோயாளி என்று பெயர் வாங்கியதே வினையாயிற்று. அதற்கடுத்த நாள் அவர் கையில் டம்ளர் நிற்கவில்லை. மின்விசிறியின் சத்தம் கயிறு அறுபடுவதுபோல் கேட்டது. சட்டை தொப்பலாக நனைந்தது.

பக்கத்துக் கட்டில் பேக்கரிக்காரருக்கு இது மூன்றாவது வருகை. அவர் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, இது சரக்கு நடுக்கம் இல்லியே. என்ன மாத்திரை?"

"சும்மா இருங்க மாமா. காய்ச்சல்."

"காய்ச்சலாம்! போன தடவை நானும் இப்படித்தான் கௌரவம் பார்த்தேன். வலிப்பு வந்து கட்டில்லேர்ந்து விழுந்து, முன்பல்லு ரெண்டு போச்சு. நான் கொடுத்துவெச்சவன், பல்லோட போச்சு. எனக்கு அடுத்த கட்டில்ல இருந்தவன் கண்ணே முழிக்கல."

"சொன்னா வேலை போயிடும் மாமா."

"சொல்லாட்டி ஆளே போயிடும். அப்புறம் வேலை யாருக்கு, எனக்கா?"

அன்று பார்வையாளர் நாள். மனைவியோடு சூப்பர்வைசரும் வந்து நின்றார், கையில் ஆரஞ்சுப் பழப் பையுடன். "எல்லாரும் உன்னைத்தான்யா கேக்குறாங்க. அடுத்த மாசம் புதுக் கட்டிட வேலை உனக்குத்தான்" என்று தோளைத் தட்டினார். தோள் அவர் கைக்கடியில் துள்ளியது. மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க இப்படி வேர்க்குது?" என்று முந்தானையால் துடைத்தாள். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் போனபிறகு சொல்லலாம் என்று மெக்கானிக் நினைத்தார். கால் விரல்கள் தாமாகவே மடங்கி இழுத்தன. போகும்வரை தாங்குமா என்று தெரியவில்லை.

அவர் நர்சைக் கூப்பிட்டார். மனைவியும் சூப்பர்வைசரும் கேட்டுக்கொண்டிருக்க, பல வருஷமாகத் தினமும் தூக்க மாத்திரை சாப்பிடுவதையும், எந்த மாத்திரை, எத்தனை என்பதையும் சொன்னார்.