கரவனில் பால் காய்ச்சிய நாள்

இந்த நிகழ்ச்சியை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அப்பாவின் கதையில் மழை பெய்கிறது. அக்காவின் கதையில் கடும் வெயில். கரவனின் நிறம் பச்சை என்று ஒருவர் சாதித்தால், வெள்ளை என்று மற்றவர் மறுப்பார். ஆகவே நான் கண்ணால் கண்டவற்றையும், இருவராவது ஒத்துச் சொல்பவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். நிறத்தையும் மழையையும் விட்டுவிட்டேன். அவை இல்லாமலும் கதை நிற்கும்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. அப்பா, அம்மா, உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அக்கா, எட்டு வயதில் நான். எங்களோடு அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் இருந்தார். அவர் ஐரோப்பாவில் சில ஆண்டுகள் இருந்து, அங்கே தங்க அனுமதி கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர். உறவினர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது, நோயாளியின் அறைக்கு வெளியே நிற்பவர்களைப்போலக் குரலைத் தாழ்த்துவார்கள். அவர் மட்டும் உரக்கச் சிரித்துக்கொண்டு எங்கள் கூடத்துச் சோபாவில் உறங்கி எழுந்தார். மாலையில் என் கையைப் பிடித்து ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு அழைத்துச் செல்ல அவரைத் தவிர வேறு எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

கொலன்னாவையில், எண்ணெய்த் தாங்கிகளுக்கு அப்பால் இருந்த ஒரு கராஜின் பின்புறத்தில் அவர் அந்தக் கரவனைக் கண்டெடுத்தார். வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறிய வீடு அது. படுக்கையும் கழுவு தொட்டியும் எரிவாயு அடுப்பும் அதற்குள் அடக்கம். நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச் சென்றது என்றார்கள். அதை உறுதிசெய்ய எவரும் இல்லை. பழைய இரும்புக்குப் போகவிருந்ததைச் செப்பனிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது சித்தப்பாவின் எண்ணம். அம்மாவின் எண்ணமோ வேறு. தோஹாவில் இருந்த மாமாவிடம் சொல்லி, அங்கே ஒரு களஞ்சியத்தில் அவருக்கு வேலை ஒழுங்கு செய்திருந்தார். மாமா பதிலுக்குக் காத்திருந்தார்.

கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஒருக்கா எல்லாருமா இதில போய்ப் பாப்பம், தம்பி. சரிவந்தா தோஹாவுக்கு வேண்டாம் எண்டு நானே சொல்லுறன். சரிவராட்டி நீர் வெளிக்கிடத்தான் வேணும்."

சித்தப்பா யோசிக்காமல், "ஓம் அண்ணி" என்றார்.

சிலாபத்துக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில், அப்பாவின் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. பாடசாலை விடுமுறையில், இரவல் ஜீப் ஒன்றில் கரவனைக் கொளுவிக்கொண்டு அங்கே புறப்பட்டோம். ஒழுங்கை முனையில் திரும்பும்போதே எங்கள் அயலவரின் மதிலில் ஓர் ஓரம் உரசிப் போயிற்று. சற்றுத் தொலைவில் எங்களை மறித்த போக்குவரத்துப் பொலிஸ்காரர், இது கொத்துரொட்டி விற்கும் கடையா என்று சிங்களத்தில் விசாரித்தார். இல்லை என்றதும் அவர் முகத்தில் தோன்றிய ஏமாற்றத்தை அப்பாவும் அக்காவும் ஒருமுகமாக உறுதிப்படுத்துகிறார்கள். நீர்கொழும்பைக் கடக்குமுன் கரவனுக்குள் இருந்த அலுமாரியின் கதவு தானே திறந்து, கொண்டுவந்த பருப்பு முழுவதையும் தரையில் கொட்டியது. ஒவ்வொரு தடவையும் சித்தப்பா கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக் காவற்காரர் முதியவர், சிங்களவர். அவர் காட்டிய இடத்தில் கரவனை நிறுத்தியதும் அம்மா சுற்றிவந்து பார்த்தார்.

"கதவு இருக்கு, அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு. அப்ப இது வீடுதானே? பால் காய்ச்சாமல் நான் இதுக்குள்ள படுக்கமாட்டன்."

புது வீட்டில் குடிபுகுவோர் பாலைக் கொதிக்கவைத்துப் பொங்கி வழிய விடுவது எங்கள் வழக்கம். கிழக்கிலோ வடக்கிலோ வழிந்தால் நலம். தெற்கு ஆகவே ஆகாது. காவற்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீடுகளிலும் பால் பொங்கவிடுவார்கள். அவர் தாமாகவே போய்ப் புதிய மண்முட்டி ஒன்றும் அப்போதுதான் கறந்த பாலும் கொண்டுவந்து தந்தார்.

அக்காதான் கரவனின் தரையைப் பார்த்து இடையூறைக் கிளப்பினாள். "அம்மா, இது தெற்குப் பக்கம் சரிஞ்செல்லோ நிக்குது. சரிஞ்ச பக்கந்தான் பால் வழியும். இதுக்கு நல்ல நேரம் பாத்து என்ன?"

சித்தப்பாவின் முகம் மாறியது. உடனே ஜாக்கியை எடுத்துத் தெற்குப் பக்கத்துச் சில்லை உயர்த்தத் தொடங்கினார். மணலில் ஜாக்கி நிற்காது என்று காவற்காரர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது, சித்தப்பாவைத் தவிர. ஜாக்கி மெல்ல மணலுக்குள் இறங்கியது. அதன் பின்னே சில்லும் இறங்கியது. கரவன் முன்னிலும் அதிகமாகத் தெற்கே சாய்ந்தது. மேலும் புதையாதபடி அப்பாவும் காவற்காரரும் ஒரு தென்னங்குற்றியை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"பால் தெற்கால போனா என்ரை கதை முடிஞ்சுது, அண்ணா" என்றார் சித்தப்பா.

"பாலை விடடா. முதல் குத்தியைப் பிடி" என்றார் அப்பா.

பொழுது சாய்கிறது, இனிக் காத்திருக்க முடியாது என்று அம்மா உள்ளே ஏறினார். தீப்பெட்டி பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அப்பாவும் காவற்காரரும் வெளியே குற்றியோடு நின்றார்கள். அக்கா எட்ட நின்று, நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்தவளின் நிதானத்தோடு பார்த்தாள். சித்தப்பா வெளியே யன்னல் ஓரத்தில் நின்றார். அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றியது. அன்றைய பயணத்தில் பிழையாகாத ஒரே காரியம் அதுதான்.

பால் கொதித்து, நுரை எழுந்தது. முட்டியின் விளிம்பில் அது தெற்கு நோக்கித் திரண்டு, வழிய ஒரு கணமே இருந்தபோது, அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, முட்டியின் தெற்கு விளிம்பைப் பிடித்துச் சற்றே உயர்த்தினார். பால் வடக்குப் புறமாகப் பொங்கி வழிந்தது. வழிந்த பால் அடுப்புக்குள் பாய்ந்து, நெருப்புச் சீறி அணைந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. முட்டி கவிழப் பார்த்தது, அம்மா பிடித்தார் என்று நான் நினைத்தேன்.

அந்த அடுப்பு பிறகு எரியவேயில்லை. அதன் துளைகளை எல்லாம் கருகிய பால் அடைத்துவிட்டது. சித்தப்பா உள்ளே வந்து அதைக் கழற்றினார், ஊதினார், ஊசியால் குத்தினார். பின்பு அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். காவற்காரர் வீட்டிலிருந்து வந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் அவர் தொடவில்லை.

"அடுப்பும் போச்சு, சில்லும் மணலுக்குள்ள தாண்டு போச்சு. நான் தோஹாவுக்கே போறன், அண்ணி" என்றார்.

அம்மா ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தார்.

"பால் வடக்காலதானே பொங்கினது. பேந்தென்ன? தோஹாவோடை நான் கதைக்கிறன். நீர் சாப்பிடும்."

சித்தப்பா எழுந்து கடலோரம் வரை நடந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, இருந்த ரொட்டி முழுவதையும் சாப்பிட்டார்.

அக்கா மட்டும் சமாதானமடையவில்லை. பால் மேட்டை நோக்கி ஏறியது எப்படி? மறுநாள் காலையில் ஒரு தேங்காயைக் கரவனின் தரையில் வைத்துப் பார்த்தாள். அது தயக்கமின்றித் தெற்கே உருண்டது. மீண்டும் வைத்தாள், மீண்டும் உருண்டது. என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சொல்லத்தக்க எதையும் நான் கண்டதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

சித்தப்பா போகவில்லை. இன்று அவரிடம் சில கரவன்கள் இருக்கின்றன. புதிதாக ஒன்று வந்ததும் அம்மாவை அழைத்துச் சென்று பால் காய்ச்ச வைக்கிறார். பால் பொங்கும் வேளையில் அவர் வெளியே நிற்பார், யன்னலுக்கு முதுகைக் காட்டியபடி.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பல்லி சொன்னால் பயணத்தை ஒத்திப்போடுகிறவர் அம்மா. தாம் முழுமனதாக நம்பிய ஒன்றைத் தம் கையாலேயே திருத்துவதற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கேட்டேன். "முட்டி சரிஞ்சது, பிடிச்சனான்" என்றார்.

தெரியாதவை இரண்டு. சித்தப்பாவை இங்கேயே வைத்துக்கொள்வது என்று அம்மா எந்தக் கணத்தில் முடிவு செய்தார் என்பது தெரியாது. அன்று யன்னலுக்கு வெளியே நின்ற சித்தப்பா அம்மாவின் கையைப் பார்த்தாரா என்பதும் தெரியாது.