மீன்தொட்டியில் முட்டத்து மண்

அப்பா மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு துணிப்பையோடு வந்தார். அந்தப் பையை அவர் பிரித்து அடுக்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவைத்து, அன்றைக்கு வேண்டிய சட்டையை மட்டும் உருவி எடுப்பார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடியும் உள்ளே வைப்பார். பக்கத்திலேயே சட்டை மாட்ட இன்னும் நான்கு ஆணிகள் இருந்தன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தோறும் என்னிடம் ஒரு கேள்வி வரும். "நான் ஊருக்குப் போட்டுமா மக்களே?"

"கால் சரியாகட்டும்" என்பேன். கால் சரியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா இறந்தபிறகு அவர் எங்கள் ஊரான முட்டத்தில் தனியாக இருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாலும் பாறைமேல் போய் உட்காராமல் அவருக்குப் பொழுது விடியாது. ஒருநாள் வழுக்கி விழுந்து, கணுக்கால் திரும்பி, யாராவது அந்தப் பக்கம் வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது. அப்படி ஒரு ஃபோன் இனி வரவே கூடாது என்றுதான் அவரைக் கையோடு கூட்டிவந்தேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. "உங்களுக்கு இங்கதான் நல்லது" என்று மட்டும் சொன்னேன். ஆசிரியை அல்லவா, மற்றவர்களுக்கு எது நல்லது என்று சொல்லியே பழகிவிட்டது.

நானும் என் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவோம். திரும்பும்போது அப்பா சன்னல் பக்கத்து நாற்காலியில், போகும்போது பார்த்த அதே இடத்தில் இருப்பார். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். அதற்கு மஞ்சள் வண்ணம் வேறு அடித்திருந்தார்கள். எழுபது வருடம் கடலைப் பார்த்த மனிதரை மதிலைப் பார்க்க உட்கார்த்தி வைத்திருக்கிறேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஒருநாள் பள்ளி விட்டதும் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் வண்ணமீன் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர், அவசரமே இல்லாதவர். இரண்டடித் தொட்டி, ஓரத்தில் தொங்கும் வடிகட்டி, ஒரு விளக்கு, அடியில் போட செடிமண் எல்லாம் எடுத்துவைத்தார். செடிமண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு நல்ல மணல் பரப்ப வேண்டுமாம். செடி நட்டுத் தண்ணீர் நிரப்பி, ஒரு மாதம் சும்மா விட வேண்டுமாம். அதன்பிறகுதான் மீன்.

"மணலு நான் தரட்டா, உங்கள்ட்ட இருக்கா? எதுன்னாலும் கடல்மண்ணு மட்டும் வேண்டாம் கேட்டேளா டீச்சர்" என்றார்.

எனக்கா சொல்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள் நான். மணலைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

அப்பா தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். மீன் எவ்வளவு பெரிசாகும் என்று கேட்டார். என் சுண்டுவிரலில் பாதியைக் காட்டினேன். ஒரு மாதம் தண்ணீர் மட்டும்தான், பிறகுதான் மீன் என்றும் சொன்னேன்.

"பொரிக்கவும் கொள்ளாது, கறி வைக்கவும் கொள்ளாது. பின்ன என்னத்துக்கு?"

"சும்மா இருந்து பாக்கியதுக்கு."

"பாக்கியதுக்கா?" என்றார். "அதுவும் ஒரு மாசம் வெறும் வெள்ளத்தைப் பாக்கணும்" என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். அப்பா மட்டும் போனார். திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். பை ஆணியில் இருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம், இரண்டு பஸ் மாறி, தோளில் ஒரு அரிசிப்பையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். பை நிறைய மணல். முட்டத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே, கரையில் அள்ளியது.

"மண்ணைப் போய் யாராவது கடையில வாங்குவாளா? நம்ம மண்ணு கெடக்க."

இரண்டு நாள் அவர் அந்த மணலோடு இருந்தார். பெரிய சருவப் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, கலங்கலைக் கொட்டி, மறுபடி அலசினார். ஒவ்வொரு தடவையும் கழுவிய தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல்மண்ணின் குற்றம் உப்பு, உப்புப் போனால் குற்றம் போனது என்பது அவர் தீர்மானம். கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு என் கையிலும் கொஞ்சம் ஊற்றினார். நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

ஆனால் மணல் முழுவதும் பொடிப்பொடியாய்ச் சிப்பி மின்னியது. சிப்பி என்றால் சுண்ணாம்பு. உப்பைப் போல அது கழுவினால் போகாது. தொட்டிக்குள் கிடந்து மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினநீராக்கிவிடும். நான் வாங்க நினைத்திருந்த மீனுக்கும் செடிக்கும் அது ஆகவே ஆகாது. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் எனக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அப்போது அப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பையிலிருந்து சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆணிகளில் மாட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மணல் பரப்பினோம். செடிகள் வந்தன. வேரை மண்ணில் புதைக்காமல் கட்டையில் கட்டிவிட வேண்டிய பெரணி ஒன்று இருந்தது. நான் தையல்நூலோடு போராடுவதைப் பார்த்துவிட்டு அப்பா அதை வாங்கி, வலை முடிகிற நைலான் நரம்பால் இரண்டே முடிச்சில் இறுக்கிக் கொடுத்தார். குட்டையான நீர்ச்செடிகளை முன்னால் வரிசையாய் நட்டார். ஒரு மாதமும் வெறும் தண்ணீரைத்தான் பார்த்தார். புது இலை விட்டால் நான் வந்ததும் காட்டுவார். சனிக்கிழமைக் கேள்வி நின்றுபோனது.

பிறகு பன்னிரண்டு நியான் டெட்ரா வாங்கிவந்தேன். நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட சின்ன மீன்கள். அப்பா நாற்காலியைச் சன்னலிலிருந்து திருப்பித் தொட்டிக்கு நேரே போட்டுக்கொண்டார். அந்த ஒரு வாரம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது வாரம் முன்வரிசைச் செடிகளின் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்தன. அடுத்து ஒரு மீன் செத்தது. மறுநாள் இரண்டு. அப்பா செத்ததைத் துணியில் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். வள்ளம் நிறைய மீனைக் கரையில் தட்டியவர், அரை விரல் மீனுக்குக் குழி தோண்டினார். குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். தீனியைக் குறைத்தார். விளக்கை அணைத்துவைத்தார். நான் பாதித் தண்ணீரை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். மண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே. நாள் போகப்போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. மனமறிந்து மீன்களைக் கொன்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவதும் போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் ஆணிகள் வெறுமையாக இருந்தன. அப்பா பையோடு நாற்காலியில் இருந்தார்.

"எனக்கக் கை சரியில்ல மக்களே. உனக்க அம்மையும் எனக்கக் கையிலதான் போனா. இதுவளும் போச்சு. நான் போறேன்."

அவரை இருத்திவைக்க மறைத்ததுதான் இப்போது அவரைக் கிளப்புகிறது. அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளரும் ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியும் எடுத்துவந்தேன். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி மணல் எடுத்து டம்ளரில் போட்டு, வினாகிரியை ஊற்றினேன். மணல் சீறி நுரைத்தது. மாணவர்களுக்கு வருடா வருடம் செய்துகாட்டுவதுதான்.

அப்பா குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"சிப்பியில உள்ள சுண்ணாம்பு அப்பா. உப்புதான் போச்சு, இது போவல்ல. இதுனாலதான் செத்தது. உங்க கை ஒண்ணும் செய்யல்ல."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நீங்க கழுவும்பமே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை. "வள்ளத்துல போவும்ப காத்து மாறுறதை ஒருத்தன் கண்டா, அவன் சொல்லணும். மத்தவனுக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லாம இருந்தா, எல்லாரும் சேந்து போவ வேண்டியதுதான். எங்கிட்ட நீ சொல்லாம இருந்திருக்க."

"சொன்னா நீங்க போயிருவியன்னு பயந்தேன்."

"இப்பவும் போறேம்லா."

அன்றைக்கு அவர் போகவில்லை. தொட்டியைக் காலி செய்யாமல் போக அவருக்கு மனசில்லை. இரண்டு பேருமாகத் தண்ணீரை இறைத்தோம். மணலை அள்ளி அதே அரிசிப்பையில் கட்டினோம். இலை கரைந்த செடிகளை நான் குப்பையில் போடப் போனேன். அவர் வாங்கி வேரைத் தடவிப் பார்த்து, "வேரு உசுரோட இருக்கு" என்று ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவைத்தார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு முட்டத்துக்குப் போனேன். அவர் தோளில் மணல், என் கையில் அவருடைய துணிப்பை. வீட்டு வாசலுக்கு எதிரே மணலைக் கொட்டிப் பையை உதறினார். நான் துணிப்பையை உள்ளே கொண்டுவைத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். திங்கள்நகர் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி யார் தவறினார்கள் என்று கேட்டாள்.

தொட்டியைச் சும்மா போட எனக்குப் பிடிக்கவில்லை. கடையிலிருந்தே மணல் வாங்கி, கிண்ணத்தில் இருந்த வேர்களை நட்டேன். மூன்றாவது வாரம் அவை சின்னதாய்ப் பழுப்பு நிறத்தில் துளிர்த்தன. அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

அதுமுதல் சனிக்கிழமை காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவார். மீன் எட்டு வாங்கினோம். எட்டும் இருக்கின்றன. வந்ததும் அவற்றை எண்ணுவார், முற்றின இலையைக் கத்தரிப்பார், சாப்பிடுவார். கிளம்பும்போது பாதி விளையாட்டாகக் கேட்பார்: "வேற எதுவும் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கியா?"

"ஒண்ணும் இல்ல" என்பேன்.

போன சனிக்கிழமையும் கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லப்போனவள் நின்றேன்.

"இருக்கு அப்பா. காலம்பற ஃபோன் அடிச்சா எனக்கு எடுக்க முடியல்ல. நீங்க அந்தப் பாறையில கெடக்கியதுபோலதான் தோணும். உங்களுக்கு நல்லதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்."

அப்பா வாசலில் செருப்பு மாட்டியபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையில் இருந்தது ஒரே ஒரு சட்டை. அதை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு நாளு நின்னுட்டுப் போறேன். பொறவு தெனமும் காலம்பற நானே கூப்பிடுவேன். நீ எடு."